மரத்தின் மேல் போடும் பழி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய்க்குள்ளும் குண்டாற்றுக் கரையிலும் அதே மரம்தான். அதன் காற்றுப் பட்டால் பெண்களுக்குக் கரு தங்காது, நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்று படித்தவர்களே மேடையேறிப் பேசுகிறார்கள். சுகாதார ஆய்வு படிக்கும் பிள்ளைகளும் இதைத் திருப்பிச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆதாரம் கேட்டால், “காட்டை ஒட்டின எங்க ஊர்ல பிள்ளையில்லாத வீடு எத்தனை இருக்கு, வந்து பாருங்க” என்கிறார்கள். இருக்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார். கருவேலங்காடே இல்லாத ஊட்டியிலும் பிள்ளையில்லாத தம்பதிகள் உண்டு.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மரம் அடர்ந்த ஊரில் பிள்ளை இல்லாதவர்கள் ஒரு கட்டம், பிள்ளை உள்ளவர்கள் இன்னொன்று. மரமில்லாத ஊருக்கும் அதே இரண்டு. ஊர்ப்பேச்சு முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. இந்தக் காட்டிலேயே விறகு வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களின் வீடுகளில் பிள்ளைகள் வளர்கிறார்களே, அவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? அவர்களை மட்டும் காட்டி மரத்தை விடுவிக்கவும் முடியாதுதான். நான்கும் நிரம்பினால்தான் விகிதம் கிடைக்கும். இரு ஊர் விகிதங்களையும் ஒப்பிட்ட பிறகே காரணத்தைப் பற்றி வாய் திறக்கலாம்.

அப்போதும் அவசரப்படக் கூடாது. மழை பொய்த்தால் மானாவாரி நிலம் தரிசாகும், தரிசில் கருவேலம் ஏறும். அதே வறட்சியில் தீவனமில்லாமல் மாடு மெலியும். மெலிந்த மாடு பருவத்துக்கு வராது. நம் கண்ணுக்கு மரமும் சினை பிடிக்காத மாடும் சேர்ந்தே தெரிகின்றன. இரண்டுக்கும் பின்னால் நிற்பது வறட்சி. பிழைப்புக்காகக் கணவன் திருப்பூரிலும் மனைவி ஊரிலுமாக இருந்தால் கரு தரிப்பது தள்ளிப்போகும். அந்தப் பிரிவுக்கும் விளையாத நிலம்தான் காரணம். இப்படிப் பின்னால் நிற்பதைக் குழப்பக் காரணி என்பார்கள். அதைக் கழிக்காத கணக்கு வெறும் வதந்தி.

கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது கண்மாயை அடைக்கிறது, நாட்டு மரங்களை எழவிடுவதில்லை. வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் அதை அகற்ற உத்தரவிட்டது. வெட்ட நினைப்பவருக்கு உண்மையான காரணங்களே போதும்.

இந்தப் பொய்க்கு விலை கொடுப்பவள் பெண். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. மரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தச் சோதனை நடப்பதில்லை. வருடங்கள் போகின்றன, ஏச்சு மட்டும் அவள்மேல் விழுகிறது. ஓராண்டு ஆகியும் கரு தரிக்கவில்லையா, மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் ஆகிவிட்டதா? இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போங்கள்.