கீபோர்டு மேடையில நின்னுபோனா லேப்டாப்பைத் திட்டாதீங்க

1/ "லேப்டாப்பை நம்பி மேடை ஏறாதே, நடுப்பாட்டுல தொங்கிடும்." ஆர்கெஸ்ட்ரா வட்டாரத்துல பெரியவங்க சின்னப் பசங்களுக்குச் சொல்ற அறிவுரை இது. இன்னொரு பக்கம், "ஒரே ஒரு லேப்டாப் போதும், அந்தப் பெரிய கீபோர்டையெல்லாம் வித்துடு"ன்னு வீடியோ போடுற கூட்டம். என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. நான் மயக்க மருந்து டாக்டர். மெஷினையும் மின்சாரத்தையும் நம்பி அடுத்தவர் உயிரைக் கையில வெச்சிருக்கிறதுதான் தொழில். நேரம் கிடைச்சா பேண்டுல கீபோர்டும் வாசிப்பேன். "மெஷின் எப்ப வேணா நிக்கும்"ங்கிறது எங்களுக்குப் பழைய செய்தி. நின்ன அடுத்த நொடி என்ன பண்ணப் போறேங்கிறதுதான் எங்க கேள்வி.

3/ முதல்ல பெரியவங்க கட்சி. "ஹார்டுவேர் கீபோர்டு தொங்காது, அது கம்ப்யூட்டர் இல்ல" என்கிறார்கள். சரி, 2005-ல வந்த கோர்க் ஒயாசிஸ் உள்ள என்ன இருந்துச்சு? பென்டியம் 4 ப்ராசஸர், மேல லினக்ஸ். 2011-ல வந்த க்ரோனோஸ்ல? இன்டெல் ஆட்டம், எஸ்எஸ்டி, அதே லினக்ஸ். நம்ம ஊர் மேடைகள்ல கும்பிட்டு வெச்ச கீபோர்டும் வெள்ளைக் கருப்புக் கட்டை ஒட்டின கம்ப்யூட்டர்தான்.

4/ அப்போ அது ஏன் சுலபமா தொங்கல? அதுல யாரும் கல்யாண ஆல்பம் டவுன்லோடு பண்ணல. ஆன்டிவைரஸ் போடல. நடுவுல அப்டேட் வரல. ஒரே வேலைக்குன்னு கட்டின கம்ப்யூட்டர், ஒரே வேலையைச் செய்யுது. ரகசியம் இவ்வளவுதான். இதை உங்க லேப்டாப்புக்கும் செய்யலாம்.

5/ அடுத்த குத்தச்சாட்டு: "லேப்டாப் வெச்சிருக்கான், அவன் வாசிக்கல, ஓட விடுறான்." டிராக் ஓட விடுறது வேற, சாஃப்ட்வேர் சத்தத்தை விரலால வாசிக்கிறது வேற. மிடி தரம் வந்தது 1983-ல. கட்டை ஒரு இடத்துல, சத்தம் வேற இடத்துலங்கிறது அப்பவே சாதாரணமாயிடுச்சு. முழுப் பாட்டையும் பென் டிரைவ்ல ஓட விட்டுட்டு மேல நாலு நோட்டு வாசிக்கிறவரை யாரும் கேள்வி கேக்கறதில்ல. திரை தெரியுற பையன் மட்டும் திருடனா?

6/ "அமுக்கினா லேட்டா வருது" என்பது நியாயமான புகார். கணக்குப் பார்ப்போம். 48,000 ஹெர்ட்ஸ்ல பஃபர் 128 வெச்சா அதனால வர்ற தாமதம் ஏறக்குறைய 2.7 மில்லிசெகண்ட். 256 வெச்சா 5.3. டிரைவர், கன்வெர்ட்டர் தாமதம் சேர்ந்தாலும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 10-க்குள்ள அடக்கிடலாம். காத்துல ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது மூணு மீட்டர் தள்ளி உக்காந்திருக்க டிரம்மரோட அடியே உங்க காதுக்கு 9 மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் வருது.

7/ அதனால "நான் 32-ல ஓட்டுறேன்"னு பெருமைக்கு பஃபரைக் குறைச்சு, சத்தம் பொரிஞ்சு, கடைசியில லேப்டாப்பைத் திட்டாதீங்க. 128 அல்லது 256 போதும். விண்டோஸ்னா ஏசியோ டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸ் கட்டாயம். ஹெட்ஃபோன் குழியில இருந்து நேரா மிக்ஸருக்குப் போறது, ப்ளூடூத்ல மானிட்டர் கேக்கறது, இதெல்லாம் மேடைக்கு ஆகாது.

8/ இப்போ எதிர்க்கட்சி. "ஒரு லேப்டாப் போதும்" கும்பல். இவங்கமேலதான் எனக்கு அதிகக் கோபம். சத்தமே இல்லாத மிடி கன்ட்ரோலர் ஒண்ணு, லேப்டாப் ஒண்ணு, ஒத்தை யூஎஸ்பி வயர். எது போனாலும் மொத்தமும் போச்சு. வீடியோ போடுறவருக்கு ரீடேக் இருக்கு. திருவிழா மேடையில நிக்கிற பையனுக்கு இல்ல.

9/ ஆபரேஷன் தியேட்டருக்கு வாங்க. ஆக்சிஜன் சுவத்துக் குழாய்ல வருது. அது நின்னா மெஷின் பின்னாடி சிலிண்டர். மெஷினே நின்னா? பக்கத்துல ஒரு ஆம்பு பேக் தொங்கும். கையால அமுக்குற பை. கரண்டு வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். எத்தனை லட்ச ரூபா மெஷினா இருந்தாலும், அந்தப் பை பக்கத்துல இல்லாம நாங்க கேஸை ஆரம்பிக்க மாட்டோம்.

10/ உங்க ரிக்குக்கும் ஒரு ஆம்பு பேக் வேணும். வழி ரொம்ப சுலபம்: சத்தமில்லாத கன்ட்ரோலர் வாங்காதீங்க. சொந்தச் சத்தம் உள்ள, மிடி வெளியே அனுப்பத் தெரிஞ்ச சாதாரணக் கீபோர்டு ஒண்ணு வாங்குங்க, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் சரி. பியானோ, ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன், இந்த மூணும் சுமாரா இருந்தாலே போதும்.

11/ கட்டுற விதம்: கீபோர்டுல இருந்து யூஎஸ்பி லேப்டாப்புக்கு. லேப்டாப் சத்தம் இன்டர்ஃபேஸ் வழியா உங்க கைக்கு எட்டுற சின்ன மிக்ஸருக்கு. கீபோர்டோட சொந்த ஆடியோவும் அதே மிக்ஸர்ல தனி சேனலுக்கு, ஆனா ம்யூட்ல. லேப்டாப் நின்னுச்சா? அந்த ம்யூட்டை எடுங்க. ரெண்டு நொடி. ஜனத்துக்குப் பாட்டு நின்னதே தெரியாது, ஸ்ட்ரிங்ஸ் கொஞ்சம் மட்டமா கேட்டுச்சுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

12/ லேப்டாப்பை வீட்டு லேப்டாப்பா நடத்தாதீங்க. மேடைக்குன்னு தனி, முடியலைன்னா தனி யூசராவது. வைஃபை ஆஃப். நோட்டிஃபிகேஷன் ஆஃப். ஸ்லீப் ஆஃப். யூஎஸ்பிக்கு கரண்டைத் தானா குறைக்கிற செட்டிங் ஆஃப். கச்சேரிக்கு முந்தின வாரம் எந்த அப்டேட்டும் கிடையாது. பாட்டு வரிசைப்படி சத்தங்களை மெயின்ஸ்டேஜ், கிக் பெர்ஃபார்மர், கேன்டபிள் மாதிரி மேடைக்குன்னே எழுதின மென்பொருள்ல அடுக்குங்க. ரெக்கார்டிங் மென்பொருளை மேடைக்கு இழுத்துட்டு வந்து அல்லாடாதீங்க.

13/ லேப்டாப்புக்கு ஒரு வரம் இருக்கு, யாரும் சொல்றதில்ல: பேட்டரி. கரண்டு போய் ஜெனரேட்டர் மாறுற அந்த நொடியில அடாப்டர்ல ஓடுற கீபோர்டு அணைஞ்சு, மறுபடி எந்திரிக்க நேரம் எடுக்கும். லேப்டாப் அசையாது. யூஎஸ்பியிலயே கரண்டு எடுக்கிற இன்டர்ஃபேஸும் அசையாது. கீபோர்டுக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வெச்சுட்டா முழு ரிக்கும் நிக்கும். ஆனா பேட்டரி செத்த பழைய லேப்டாப்னா இந்த வரம் உங்களுக்கில்ல. முதல்ல அதை மாத்துங்க.

14/ திருட்டுப் ப்ளகின் பத்தி. ஒழுக்கப் பாடம் எடுக்க வரல. பூட்டை உடைச்ச மென்பொருளுக்குள்ள வேற என்ன சேத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. லேபிள் கிழிஞ்ச மருந்தை நான் நோயாளிக்குப் போடுவேனா? இலவசமாவே நல்லது இருக்கு: சர்ஜ் எக்ஸ்டி, பழைய யமஹா டிஎக்ஸ்7 சத்தத்துக்கு டெக்ஸெட், ஓட்டுறதுக்கு கேன்டபிள் லைட். காசு கொடுத்து வாங்கினதுல சிலது லைசென்ஸுக்கு இன்டர்நெட் கேக்கும். பந்தல்ல சிக்னல் இருக்காது. வைஃபையை அணைச்சு வீட்லயே ஒரு நாள் ஓட்டிப் பாருங்க.

15/ இதுவரை சொன்னது கச்சேரி சாகாம இருக்க. இனிமே சொல்றது ஆள் சாகாம இருக்க. லேப்டாப் சார்ஜரைச் சொருகினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு இரைச்சல் வரும். உடனே யாராவது வந்து, "எர்த் பின்னை உடைச்சுடு, நின்னுடும்" என்பார். நிக்கும். கூடவே உங்க உயிருக்கு இருந்த ஒரே காவலும் போயிடும்.

16/ எர்த் எதுக்கு? உள்ள ஒரு வயர் உரிஞ்சு இரும்புக் கூட்டைத் தொட்டா, கரண்டு எர்த் வழியா ஓடி ஃப்யூஸ் போகணும், இல்ல பிரேக்கர் விழணும். எர்த் இல்லைன்னா அந்தக் கூடு 230 வோல்ட்டோட சும்மா உக்காந்திருக்கும். ஒரு கை அதுமேல, உதடு மைக்ல. நடுவுல உங்க இதயம்.

17/ வேர்த்த உடம்போட தடை சுமார் 1000 ஓம்னு வைங்க. 230 வோல்ட்டுக்கு 230 மில்லிஆம்பியர். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே பிடிச்ச கை விடாம இறுகிப் போகலாம். 100 வாக்குல நெஞ்சு வழியா போனா இதயம் துடிக்கிறதை விட்டுட்டு நடுங்க ஆரம்பிச்சுடலாம். 1972 மே மாசம் வேல்ஸ்ல இருக்க ஸ்வான்சீயில, ஸ்டோன் த க்ரோஸ் பேண்டோட கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப்போனார். ஸ்டேஜ்ல ஷாக் அடிக்கிறது ஜோக் இல்ல.

18/ இரைச்சலுக்குச் சரியான மருந்து: கிரவுண்ட் லிஃப்ட் உள்ள, டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ். அது ஆடியோ வயரோட எர்த்தை மட்டும் பிரிக்கும், மெயின் எர்த்தைத் தொடாது. உங்க சாமான் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகுங்க, பாதி இரைச்சல் அதுலயே போகும். அந்த இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கா, ஜெனரேட்டருக்கு எர்த் ராடு அடிச்சிருக்கான்னு மைக்செட் அண்ணன்கிட்ட கேளுங்க. யாருக்காவது ஷாக் அடிச்சா, மெயினை ஆஃப் பண்ணிட்டு அப்புறம்தான் ஆளைத் தொடணும். மூச்சு, அசைவு இல்லைன்னா 108-ஐக் கூப்பிடச் சொல்லிட்டு உடனே நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க.

19/ கடைசியா, செக்லிஸ்ட். 2008-ல உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 வரி செக்லிஸ்ட் கொடுத்துச்சு. "இந்த நோயாளி யாரு, எந்தப் பக்கம் ஆபரேஷன்"னு வாய்விட்டுக் கேக்கணும். முப்பது வருஷ அனுபவம் உள்ள சர்ஜனும் கேக்கணும். அனுபவம் மறதிக்கு மருந்து இல்ல.

20/ உங்களுக்கு ஏழு வரி போதும். சார்ஜர் சொருகி, பேட்டரி நிறைஞ்சிருக்கா. வைஃபை அணைஞ்சதா. பெடலை மிதிக்காம கீபோர்டை ஆன் பண்ணியா (பல கீபோர்டு அப்போதான் பெடல் எந்த வகைன்னு கண்டுபிடிக்கும், மிதிச்சிருந்தா தலைகீழா வேலை செய்யும்). எல்லாப் பாட்டோட சத்தமும் ஒரு தடவை திறந்து பார்த்தாச்சா. யூஎஸ்பி வயரை டேப் போட்டு ஒட்டினதா. விடாம இழுக்கிற நோட்டை நிறுத்த பேனிக் பட்டன் எங்கே. மாத்துச் சேனல் ம்யூட்டை எடுத்தா சத்தம் வருதா. அட்டையில எழுதி ஒட்டி, வாய்விட்டுப் படிங்க.

21/ "இவ்வளவு பாடுபடுறதுக்கு ஒரு வொர்க்ஸ்டேஷனே வாங்கிடலாமே டாக்டர்?" காசு இருந்தா தாராளமா வாங்குங்க. அதுக்கும் மாத்து வெச்சுக்கோங்க, ஏன்னா மூணாவது பதிவுல சொன்ன மாதிரி அதுவும் கம்ப்யூட்டர்தான். காசு இல்லாத பையனுக்குத்தான் இந்த இழை. பழைய லேப்டாப்பும் பழைய கீபோர்டும் வெச்சு ஹாமண்ட் ஆர்கன், ரோட்ஸ் பியானோ, நல்ல ஸ்ட்ரிங்ஸ் எல்லாத்தையும் மேடைக்குக் கொண்டுவர முடியுற காலம் இது. "லேப்டாப்னா வேணாம்"னு அவனைத் திருப்பி அனுப்பாதீங்க. அது அவன் சோறு.

22/ ஆர்கெஸ்ட்ரா நடத்துறவங்களுக்கும் விழாக் கமிட்டிக்கும் ஒரு வார்த்தை. ஆறு மணிக்குக் கச்சேரின்னா அஞ்சே முக்காலுக்கு மேடையைக் கொடுத்துட்டு, சத்தம் வரலைன்னா பையனைத் திட்டாதீங்க. ஒரு மணி நேர சவுண்டு செக், எர்த் உள்ள ஒரு பிளக். இது ரெண்டும் சலுகை இல்ல, வேலைக்கு அடிப்படை.

23/ அவனை எடைபோட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தம்பி, இது நின்னா என்ன பண்ணுவே?" பதில் சொல்லாம அவன் கை நேரா அந்த ம்யூட் பட்டனுக்குப் போச்சுன்னா, கூட்டிட்டுப் போங்க. லட்ச ரூபா கீபோர்டு வெச்சிருக்கவர் "அதெல்லாம் நிக்காதுங்க"ன்னு சொன்னா, அவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். உங்க ஊர்ல கீபோர்டு வாசிக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க. மத்ததெல்லாம் விட்டாலும் 15-ல இருந்து 18 வரைக்குமாவது படிக்கச் சொல்லுங்க.