மாத்திரையை மறைக்காதீர்கள்!



காய்ச்சல் மாத்திரையை எல்லோர் முன்னாடியும்தான் முழுங்குகிறோம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் ஏன் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம்? "பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடுறான்"னு நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம்! இந்தப் பயம் உயிருக்கே உலை வைக்கும் என்பது என் கருத்து.

நம் பாடத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் கொடுத்தால் 230 வோல்ட். பல்பு அழகாக எரியும். அதே பல்பை இரண்டு பேஸுக்கு நடுவில் கொடுத்தால் 400 வோல்ட், பட்டென்று போய்விடும். பேஸில் குற்றமில்லை, இணைப்பில்தான் குற்றம். மருந்தும் அப்படித்தான்.

ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. டாக்டர் சொன்ன அளவில் நல்ல மருந்துகள்தான். ஃப்ளுவாக்ஸெட்டின் சாப்பிடுகிற ஒருவருக்கு, அது தெரியாமல் இன்னொரு டாக்டர் ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதுகிறார் என்று வையுங்கள். அதுவும் மனச்சோர்வு மருந்துதான்! முதல் மருந்து இரண்டாவதை உடம்பு கழிக்கவிடாது. ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். டிரமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து கூட ஆபத்தான கூட்டாளிகளே. செரட்டோனின் மிகையானால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், தசை விறைப்பு வரும். முற்றினால் உயிர் போகும்.

1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற பெண் இறந்தார். வயது 18, நம்ம வயசு! ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் பெத்திடின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டும் சேர்ந்ததே காரணம் என்று மருத்துவர்கள் பலர் பின்னாளில் கருதினர். அந்த மாத்திரை விஷயம் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தும் இப்படி! நாம் மறைத்தால் எப்படி இருக்கும்?

அப்படியானால் மருந்தே வேண்டாம் என்று சிலர் கிளம்பலாம். அதுவும் தப்பு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரும், நோயும் திரும்பும். தேவைப்பட்டால் டாக்டரே இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பதுண்டு; அது அளவு பார்த்து, ஆளைக் கவனித்துக் கொடுப்பது. நாமாகச் சேர்ப்பதும் நாமாக விடுவதும்தான் ஆபத்து.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும், "தம்பி, இதப் படிச்சுச் சொல்லு"ன்னு என் கைக்குத்தான் வரும். சர்க்கரைச் சீட்டு விரிந்தே வரும். மனநல டாக்டர் சீட்டு மட்டும் எட்டாக மடிந்து வரும், இல்லாவிட்டால் வரவே வராது. வாங்கிப் பார்க்கிற நாம் முகம் சுளித்தால் அடுத்த தடவை அது நிச்சயம் வராது. உங்களில் பலரும் உங்கள் வீட்டில் முதல் படிப்பாளிதானே? இந்தப் பொறுப்பு நமக்கு இல்லையா?

எல்லாச் சீட்டையும் ஒரே கவரில் போடுங்கள். பல் டாக்டரானாலும் சரி, மெடிக்கல் ஷாப்பானாலும் சரி, முதலில் அதை நீட்டுங்கள். கேட்க ஆளில்லை என்றால் 14416 என்ற இலவச மனநல எண்ணைக் கூப்பிடுங்கள். நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரை அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நோய் வருவது அவமானம் இல்லை நண்பர்களே. வெட்கப்பட்டு ஓர் உயிரை விடுவதுதான் அவமானம்!

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை