கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்!



திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே ஆகாய விமானம் ஓட்டினார்கள், பாய்மரக் கப்பலில் சாமான் ஏற்றி ரோமாபுரிக்காரர்களோடு வியாபாரம் செய்தார்கள் என்று மாமா சொல்கிறார். எல்லாமே கட்டுக்கதை என்கிறான் என் நண்பன். நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி! பக்கம் சேர்வதற்கு முன் ஒரு டி.வி. கதை கேளுங்கள்.

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்று ஓர் அமெரிக்கத் தொடர், 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பானது. விண்வெளியில் மிதக்கும் பிரம்மாண்டமான நிலையம் ஒன்றில் நடக்கும் கதை. நிலையத்தின் தலைவர் சிஸ்கோ. அவருடைய ஒரே மகன் ஜேக், தாயை இழந்த பிள்ளை. நிலையத்துக்கு அருகே பஜோர் என்றொரு கிரகம். அதைக் கார்டாசியர்கள் என்ற வேற்றுக்கிரகத்தார் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அடிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். பிறகுதான் விட்டுப் போனார்கள்.

1995-இல் வந்த எபிசோடு ஒன்றின் பெயர் 'எக்ஸ்புளோரர்ஸ்'. பஜோர் மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. 800 ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுடைய முன்னோர், சூரிய ஒளியைப் பாயில் பிடித்துக் கப்பல் விட்டு, கார்டாசியா வரை போய் வந்தார்களாம். கார்டாசியர்களுக்கு இதைக் கேட்டாலே இளக்காரம். நம்மிடம் அடிமையாகக் கிடந்தவர்களின் பாட்டனார் நமக்கு முன்பே விண்வெளியில் பறந்தாரா, அதெப்படி?

அந்தக் கப்பலின் வரைபடம் பஜோரின் பழைய நூலகம் ஒன்றில் சிஸ்கோ கண்ணில் படுகிறது. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அதே மாதிரிக் கப்பலை அந்தக் காலத்துக் கருவிகளாலேயே தன் கையால் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்! நிலையத்தின் என்ஜினீயருக்கே நம்பிக்கை இல்லை. சிஸ்கோ செய்த ஒரே தகிடுதத்தம், தரையில் ஈர்ப்பு விசைக்கான நவீன ஏற்பாட்டைப் பொருத்தியதுதான். எடையில்லாமல் மிதந்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டுமாம்!

அப்பாவும் மகனும் கிளம்புகிறார்கள். நடுவழியில் பாய் ஒன்று பிய்ந்து போகிறது. பிறகு டாக்கியான் என்ற துகள்களின் சுழலில் சிக்கி, கப்பல் கற்பனைக்கெட்டாத வேகத்தில் பாய்ந்து, கார்டாசியாவின் எல்லையிலேயே போய் நிற்கிறது. அங்கே அவர்களுக்கு வாணவேடிக்கையோடு வரவேற்பு! தங்கள் மண்ணிலேயே பழைய பஜோர் கப்பலின் உடைந்த பாகங்கள் கிடைத்திருப்பதாகக் கார்டாசியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். (இத்தனை நாள் அவை எங்கே இருந்தன என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?)

டாக்கியானை இதுவரை யாரும் கண்டதில்லை. அதன் சுழல் கப்பலை இழுத்துப் போனதெல்லாம் கதாசிரியரின் கைச்சரக்கு. ஆனால் ஒளி தள்ளும் என்பது நிஜம். ஜப்பான் 2010-இல் அனுப்பிய 'இக்காரஸ்' என்ற விண்கலம், தலைமுடியைவிட மெல்லிய பாயை விரித்து, வெயில் தள்ளியே வேகம் பெற்றுக் காட்டியது. மூலைக்கு மூலை 20 மீட்டர் பாய்! அதன்மீது வெயில் கொடுத்த தள்ளல், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை அளவுதான். காற்றே இல்லாத இடத்தில் அது போதும்.

இந்தக் கதையில் இரண்டு கேள்விகள் இருப்பதைக் கவனித்தீர்களா? 'அப்படிப்பட்ட கப்பலில் போக முடியுமா?' என்பது ஒன்று. 'அவர்கள் நிஜமாகவே போனார்களா?' என்பது இன்னொன்று. சிஸ்கோவின் பயணம் முதல் கேள்விக்குத்தான் பதில். இரண்டாவதுக்குப் பதில் சொன்னது, மண்ணில் கிடைத்த உடைசல்!

சிஸ்கோ செய்ததை நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அஜந்தா குகை ஓவியத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை வைத்து அந்தக் காலத்துக் கப்பலைக் கட்டலாம் என்று இறங்கினார்கள். வரைபடம் கிடையாது, சுவரில் உள்ள சித்திரம் மட்டும்தான்! கேரளத்தின் மூத்த கப்பல் தச்சர் பாபு சங்கரன் தலைமையில், கோவாவில் வேலை நடந்தது. பலகைகளுக்கு ஆணி அடிக்கவில்லை. தேங்காய் நார்க் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்து, இடுக்குகளில் நாரும் பிசினும் அடைத்தார்கள். அலையில் எப்படி ஆடும் என்பதை நம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரி செய்து சோதித்தார்கள்.

'கவுண்டின்யா' என்று பெயர் சூட்டி, 2025 மே மாதம் கடற்படையில் சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று குஜராத்தின் போர்பந்தரிலிருந்து கிளம்பியது. எஞ்சின் இல்லை. சதுரப் பாய்களும் காற்றும்தான். 2026 ஜனவரி 14 அன்று ஓமன் நாட்டின் மஸ்கட் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. தைத்த கப்பலில் அரபிக்கடலைக் கடக்க முடியுமா? முடியும்!

விமானத்தையும் சோதித்திருக்கிறார்கள், தெரியுமா? 'வைமானிக சாஸ்திரம்' என்ற சமஸ்கிருத நூலில் பழங்கால விமானங்கள் பற்றி இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர், அந்த நூலையும் அதன் படங்களையும் ஆராய்ந்து 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் உள்ள விமானங்கள் பறக்கவே பறக்காது. நூலும் பழையதல்ல, 1900-க்குப் பின் எழுதப்பட்டது என்றார்கள். ஆகவே தம்பி, மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விமானம் விஷயத்தில் உங்கள் நண்பன் பக்கம்தான் நாம்.

ஆனால் கப்பல் விஷயத்தில் நண்பன் அவசரப்பட்டுவிட்டான். நம்மவர்கள் நிஜமாகவே போனார்களா என்பதற்கு உடைசல் கிடைத்திருக்கிறது. அதுவும் எகிப்தில்!

செங்கடல் கரையில் குசெய்ர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். ரோமானியர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில் கப்பல்கள் வந்துபோன ஊர். அங்கே தோண்டியபோது தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று ஆள் பெயர்கள்! அதே கரையில் பெரனிகே என்ற இடத்திலும் தமிழ்ப் பெயருள்ள ஓடு கிடைத்திருக்கிறது. பானையை யாரோ வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் வாதாடலாம். வாதாட வேண்டும்! ஓர் ஓட்டை மட்டும் வைத்து, கணன் நேரில் போனார் என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்கும் செங்கடலுக்கும் கப்பல் போக்குவரத்து இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமியின் கையேடான 'பெரிப்ளஸ்', நம் கரையிலிருந்து ஏற்றுமதியான மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிச் சொல்கிறது. ஊர் பெயர் 'ஆர்கரு'. உறையூர்தான் அது என்கிறார்கள் அறிஞர்கள். எடமலைப்பட்டி புதூர் இருக்கும் அதே திருச்சி மாநகராட்சியில்தானே உறையூரும் இருக்கிறது! அங்கே 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் தோண்டியபோது, துணிக்குச் சாயம் போடும் தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டடம் கிடைத்தது.

குசெய்ரில் பிறகு கிடைத்த ஓடு ஒன்றில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூரில் பிறந்தவர்! ஒறி என்றால் உறிதான். எறும்பும் பூனையும் அண்டாமல் தயிர்ச்சட்டியைக் கயிற்றில் கட்டி, உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்களே, அதேதான். உங்கள் பாட்டி வீட்டில் உறி இருந்ததா, அதில் எதை வைப்பார்கள் என்று கேட்டு, ஒரு படமும் வரைந்து நமக்கு அனுப்புங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்