வரிசை ஒன்றுதான், சரக்கு வேறு

மைனஸ் 80 டிகிரி பெட்டியிலிருந்து எடுத்த ஒரு சின்னக் குப்பி. உள்ளே 10 மைக்ரோகிராம் தூள். அடியில் படிந்த லேசான மங்கல் போலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒட்டியிருக்கும் சீட்டில் மூன்று செய்திகள்: மறுசேர்க்கை மனித எரித்ரோபொய்டின், தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், எடை 10 மைக்ரோகிராம். இவ்வளவு தெரிந்தால் போதும், எந்தச் செல்லில் தயாரானாலும் மனிதப் புரதம் மனிதப் புரதமே என்ற எண்ணம் ஆய்வகங்களில் வேரூன்றியிருக்கிறது. கட்டுரையின் செய்முறைப் பகுதியில் புரதத்தின் பெயரையும் அளவையும் மட்டும் எழுதி நகர்ந்துவிடுவது அந்த எண்ணத்தின் விளைவே. பெயர், தூய்மை, எடை என்ற மூன்று கால்களில் நிற்கும் இந்த முக்காலியை ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்க்கலாம்.

முதல் கால், பெயர். அமினோ அமில வரிசை ஒன்றானால் புரதமும் ஒன்றே என்பது வாதம். இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டினில் 165 அமினோ அமிலங்கள் உண்டு. ஆனால் அந்த மூலக்கூறின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம், நான்கு இடங்களில் கோத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றுக்கு மரபணுவில் வரைபடம் கிடையாது. செல் தன்னிடமுள்ள நொதிகளைக் கொண்டு கட்டிக்கொள்கிறது. ஆய்வகத்து ஈ.கோலை பாக்டீரியா அவற்றைக் கோப்பதே இல்லை. சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல் கோக்கும். ஆனால் தன் பாணியில். சங்கிலி நுனியில் சயாலிக் அமிலத்தை மனிதச் செல் இணைக்கும் இரண்டு முக்கிய வகைகளில் ஒன்று அதற்கு வராது. இந்த வேறுபாடு அற்பமானதென்றால், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் எரித்ரோபொய்டின் ஊக்கமருந்துச் சோதனையே நடந்திருக்க முடியாது. வீரரின் சிறுநீரிலுள்ள புரதம் அவர் உடலில் ஊறியதா, ஊசியில் ஏறியதா என்பதை அந்தச் சோதனை இரண்டின் மின்னூட்ட வேறுபாட்டை வைத்தே பிரித்தது. வரிசை ஒன்று, ஆனாலும் சோதனைச் சாலை இரண்டையும் இனம் கண்டது. செயலிலும் வேறுபாடு தெரிகிறது. நுனிச் சயாலிக் அமிலத்தை நீக்கிய எரித்ரோபொய்டின், வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களில் நன்றாகவே வேலை செய்யும். உடலுக்குள் செலுத்தினால் கல்லீரல் அதைச் சில நிமிடங்களில் அகற்றிவிடும். தட்டில் கிடைத்த முடிவை உடலுக்கு நீட்டுபவர் எங்கே வழுக்குவார் என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாம் கால், தூய்மை. புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் சாயமேற்றி, ஒரே ஒரு தடித்த பட்டை தெரிந்தால் 95 சதவீதம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சாயம் புரதத்தைத்தான் காட்டும். ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் எண்டோடாக்ஸின் புரதம் அல்ல. சாயத்துக்கு அது அகப்படாது. ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு ஓர் எண்டோடாக்ஸின் அலகுக்குக் குறைவு என்பது பல குப்பிகளில் காணும் உத்தரவாதம். ஓர் அலகு என்பது ஏறத்தாழ 100 பைக்கோகிராம். எடைக்கணக்கில் 0.01 சதவீதம்தான். ஆனால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் புரதம் சேர்த்தால் அந்த 100 பைக்கோகிராம் வரை கூடவே சேரலாம். இரத்தத்தின் மோனோசைட்டுகளைக் கிளப்பிவிட அதுவே போதும். இது வெறும் ஊகம் அல்ல. ஈ.கோலையில் தயாரித்த மனித எச்.எஸ்.பி.70 புரதம் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதாக ஆய்வுகள் வந்தன. எண்டோடாக்ஸின் மிகக் குறைந்த எச்.எஸ்.பி.70 அந்தத் தூண்டலைக் காட்டவில்லை என்று காவோ, சான் என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். வேலையைச் செய்தது புரதத்தோடு வந்த அழுக்கு. பெயர் கிடைத்தது புரதத்துக்கு.

மூன்றாம் கால், எடை. குப்பியில் 10 மைக்ரோகிராம் இருப்பதால் அத்தனையும் வேலை செய்யும் என்று பொருளல்ல. ஜெல்லில் ஏற்றுமுன் புரதத்தைச் சோப்பு போன்ற வேதிப்பொருளோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதால், அது சரியாக மடிந்திருந்ததா, கட்டிதட்டிப் போயிருந்ததா என்பது அங்கே தெரியாது. உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும், பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு துளியிலும், வேலை செய்யும் பங்கு குறையலாம். மருத்துவத்தில் இத்தகைய பல புரதங்களை எடையை மட்டும் நம்பி விடுவதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்குப் போடும் எரித்ரோபொய்டின் 4000 யூனிட் என்று வருகிறது. இன்சுலின் குப்பியில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. யூனிட் என்பது பொருளின் எடையல்ல, அது செய்யும் வேலை. மருந்துக்குக் கேட்கும் இந்த அளவுகோலை ஆய்வுக்கு மட்டும் தளர்த்துவானேன்?

இன்சுலினையே எதிர்வாதமாகக் காட்டுவார்கள். ஈ.கோலையில் தயாரான மனித இன்சுலின் 1982 முதல் விற்பனையில் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 51 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பாலங்களும் கொண்ட அதில் சர்க்கரைச் சங்கிலியே கிடையாது. சரியாக மடிந்ததா என்று சோதித்த பிறகே அது குப்பிக்குள் போனது. அதாவது அது பெயரால் அல்ல, சோதனையால் ஏற்கப்பட்ட புரதம். கட்டுப்பாட்டுச் சோதனை வைத்திருக்கிறோம் என்பது அடுத்த வாதம். வெறும் கரைசலைக் கட்டுப்பாடாக வைத்தால் அதில் பாக்டீரியாவின் எச்சம் இருக்காது. அதே செல்லில், அதே முறையில் தயாரித்த தொடர்பில்லாத புரதமே சரியான எதிரிணை. செலவாகுமே என்பது கடைசி வாதம். ஜெல்லில் அடையாளம் காட்டவோ எதிர்ப்பொருளைச் சரிபார்க்கவோ மட்டும் புரதம் வேண்டுமானால் இவ்வளவு தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். உயிருள்ள செல்லின் மேல் ஊற்றப் போகிறோம் என்றால் எந்தச் செல்லில் தயாரானது, தூய்மைப்படுத்த வசதியாகச் சேர்த்த எந்த வால் ஒட்டியிருக்கிறது, எந்தத் தயாரிப்புத் தொகுதி, எண்டோடாக்ஸின் எவ்வளவு, செயல்திறன் எத்தனை யூனிட் என்ற ஐந்தையும் செய்முறைப் பகுதியில் எழுதியாக வேண்டும். விற்பவரிடம் கேட்டு வாங்கி எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி இல்லாத கட்டுரையில் வேலை செய்தது எது என்று வாசிப்பவரால் சொல்ல முடியாது, எழுதியவராலும் முடியாது.