கலவையில கரைஞ்சு போற மாத்தளை

கடையில ஒரு தேயிலை பெக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. கம்பனி பேர் இருக்கும், காலாவதித் திகதி இருக்கும், சிங்க இலச்சினையும் இருக்கலாம். எந்தத் தோட்டத்துக் கொழுந்து என்பது மட்டும் அநேகமாக இருக்காது. ஏனென்றால் உள்ளே இருப்பது பல தோட்டங்களின் கலவை.

கலவை வேறு, கலப்படம் வேறு. நுவரெலியா மாதிரி உயரமான இடத்துத் தேயிலையில மணம் தூக்கல், சாயம் மெல்லிசு. ருகுண, சப்ரகமுவ பக்கத்துத் தேயிலையில சாயம் கடும். எங்கள் ரத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தேயிலை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில. தேயிலைச் சபை பிரித்திருக்கும் ஏழு வட்டாரங்களில் மாத்தளை 'கண்டி'க்குள் அடங்கிவிடுகிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஒரே தோட்டத்துத் தேயிலையே வாரத்துக்கு வாரம் மாறும். பெக்கெட்டின் ருசி மட்டும் மாறக்கூடாது. அதனால ருசி பார்க்கிறவர் ஒவ்வொரு மாதிரியையும் உறிஞ்சித் துப்பி, சாயம், மணம், விலை மூன்றையும் கணக்குப் பார்த்துக் கலக்கச் சொல்கிறார். இந்தத் திறமையை நாங்கள் குறை சொல்லவில்லை.

வைனையும் கலக்கத்தான் செய்கிறார்கள். பிரான்சின் போர்தோவில் துவர்ப்புக்கும் கட்டமைப்புக்கும் கபர்னே சோவினியோன், மென்மைக்கு மெர்லோ. ஆனால் போத்தலில் ஊரின் பேர் இருக்கும். அறுவடை ஆண்டும் பெரும்பாலும் தோட்டத்தின் பேரும் சேர்ந்திருக்கும். திராட்சைகள் கலந்தாலும் ஊர் கரைவதில்லை.

எங்கட தேயிலைக்கு மட்டும் ஏன் முடியாது? 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில ஒவ்வொரு தொகுதியும் அதை உற்பத்தி செய்த தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் பேரிலதான் விலைபோகுது. வாங்குகிற கம்பனிக்குத் தெரியும். குடிக்கிற எங்களுக்குத்தான் தெரியாது.

"கலவை அடிக்கடி மாறுமே, எப்படி அச்சடிக்கிறது?" என்று கேட்பார்கள். முன்பக்கத்தில பெரிய எழுத்தில கேட்கவில்லை. பின்பக்கத்தில வட்டாரங்களின் பேரும் ஒரு தொகுதி இலக்கமும் போதும். அந்த இலக்கத்தைத் தட்டினால் தோட்டங்களின் பட்டியல் வரட்டும். சிங்க இலச்சினை போட 100% இலங்கைத் தேயிலையாக இருக்கணும், இலங்கையிலேயே பொதி செய்யணும் என்று விதி இருக்கு. நாட்டின் பேரை இப்படிக் காப்பாற்ற முடியும் என்றால், மலையின் பேரையும் காப்பாற்றலாம்.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பேர் எல்லாருக்கும் பாடம். மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வழியிலேயே செத்துப்போன பலருக்குப் பேரே பதிவில்லை. அந்தப் பாதையை நினைவுகூர்ந்துதான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மலையக மக்கள் மறுபடியும் நடந்தார்கள்.

பேர் போட்டால் சம்பளம் கூடிடுமா? தானாகக் கூடாது. ஆனால் பேர் தெரிந்த இடத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்க முடியும்: அந்தத் தோட்டத்தில நாட்சம்பளம் எவ்வளவு, லயத்துக் கூரை ஒழுகுதா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? பேரில்லாத தேத்தண்ணியிடம் இதையெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை.