மூளைக்கு ஒட்டுப்போடுவது எப்போது?

முறிந்த எலும்பு கூடுகிறது. கிழிந்த தோல் வளர்கிறது. மூளையில் செத்துப்போன நரம்பணுவின் இடம் மட்டும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் குடும்பங்களை இப்படி ஆட்டிவைப்பது இதனால்தான். அந்தக் காலி இடத்தை ஸ்டெம் செல்களைக் கொண்டு நிரப்பும் முயற்சிக்காகவே உழைத்தவர் டாக்டர் மகேந்திர ராவ்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் கால்டெக்கில் நரம்பியல் ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். 1997இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்கோ மேயர்-புரோஷெலுடன் சேர்ந்து அவர் ஒரு முக்கியமான படியைக் கண்டறிந்தார். நரம்பணுவுக்குத் துணை நிற்கும் கிளியா அணுக்களை மட்டுமே பெற்றெடுக்கும் இடைநிலைச் செல்கள் உண்டு என்பதே அது. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை அப்படியே மூளைக்குள் வைத்தால் கட்டியாகிவிடும் அபாயம் உண்டு. எனவே எந்தக் கட்டத்துச் செல்லை வைப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

அறிவியலுக்கு அரசியலும் குறுக்கே வந்தது. ஏற்கெனவே உருவாக்கப்பட்ட கருச்செல் வரிசைகளுக்கு மட்டுமே அரசுப் பணம் என்று 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ் அறிவித்தார். அப்போது அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் இருந்த ராவ், 2005இல் தனியார் நிறுவனமான இன்விட்ரோஜனுக்குப் போனார். மறு ஆண்டே எலியின் சாதாரண உடற்செல்லை ஸ்டெம் செல்லாக்கிக் காட்டினார் ஜப்பானின் ஷின்யா யாமனாகா. 2007இல் மனிதச் செல்லிலும் அது பலித்தது. கருவைத் தொடாமலே வழி திறந்தது.

2011இல் ராவ் அரசுப் பணிக்குத் திரும்பினார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் புதிய மறுசீராக்க மருத்துவ மையத்துக்கு அவரே இயக்குநர். ஐந்து மருத்துவச் சோதனைகளுக்குப் பணம் கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தது ஒன்றுக்குத்தான். 2014 மார்ச்சில் பதவி விலகினார்.

அந்த ஒன்று, கபில் பார்தி குழுவின் விழித்திரைச் சோதனை. கருவில் மூளையிலிருந்தே கிளைத்து வருவது விழித்திரை. நோயாளியின் ரத்தச் செல்லிலிருந்து வளர்த்த ஒட்டு முதல் நோயாளியின் கண்ணில் வைக்கப்பட்டது 2022 ஆகஸ்டில். பணம் ஒதுக்கிய பிறகும் எட்டு ஆண்டுகள்! பார்க்கின்சனுக்கான இரு சிறு சோதனைகளின் முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளிவந்தன. ஜப்பானில் 7 பேர், அமெரிக்கா, கனடாவில் 12 பேர். ஒட்டிய செல்களால் பெரிய ஆபத்து ஏதும் நேரவில்லை என்பது நல்ல செய்தி. நோய் எவ்வளவு தணியும் என்பதைப் பெரிய சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலோ, ஊசி போட்டால் மூளை சரியாகும் என்று விளம்பரங்கள் வருகின்றன. ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, வேறு எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் முறையான மருத்துவச் சோதனைக்கு வெளியே கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். வீட்டை அடகு வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பதிவு செய்யப்பட்ட சோதனையா? ஆம் என்றால், நோயாளியிடம் எதற்குக் கட்டணம்?