நாலு முடிக்கு இத்தனை பாடா?

தாடையில் நாலே நாலு முடி. அதற்கு ஊரே நாட்டாமை பண்ணுகிறது, போங்கள்!

எங்க ரிஷிவந்தியத்தில் என் அக்கா மகளைப் பார்த்தால் "நல்லா இருக்கியாம்மா?" என்று யாரும் கேட்பதில்லை. "கோரைக்கிழங்கு பூசினியா? கஸ்தூரி மஞ்சள் போட்டியா?" இதுதான் குசல விசாரிப்பு. கேட்பவர்கள் யார்? எங்க ஊர்க் கோயிலில் தேனபிஷேகத்தின்போது அர்த்தநாரீஸ்வரர் லிங்கத்தில் அம்பாள் தெரிகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். சாமி ஆண் பாதி, பெண் பாதியாக இருக்கலாம். பொண்ணு தாடையில் மட்டும் ஒரு முடி இருக்கக் கூடாது!

பேச்சு தாங்காமல் பஸ் ஏறிப் போய் ஒரு பார்லரில் லேசருக்குப் பணம் கட்டினாள். "வலிக்கவே வலிக்காது, ஆயுசுக்கும் முளைக்காது, பேக்கேஜ் எடுத்தா டிஸ்கவுன்ட்." சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள். லேசர் தேடிப் போவது கருப்பு நிறத்தை. முடியில் உள்ள மெலனின் அந்த ஒளியை வாங்கிச் சூடாகி வேரைப் பொசுக்கும். நம்ம தோலிலும் அதே மெலனின்தானே? மெஷினும் அளவும் தோலுக்குத் தக்கபடி இல்லையென்றால் தோலும் சேர்ந்து வேகும். நம்ம நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் ஆபத்து குறைந்தது. அங்கே அவள் நிறத்தை யாராவது பார்த்தார்களா? இப்போது தாடையோரம் வரிவரியாகக் கருந்தழும்பு. கேட்டால், "வெயில்ல போயிருப்பீங்க மேடம்." கள்ளக்குறிச்சிப் பக்கம் வெயிலில் போகாமல் வேறெதில் போவதாம்?

ஆயுசுக்கும் முளைக்காது என்பதும் கதைதான். வளரும் கட்டத்தில் இருக்கிற முடி மட்டுமே லேசருக்கு மசியும். அதனால்தான் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆறு, எட்டு தடவை வரச் சொல்கிறார்கள். இந்த மெஷின்களுக்கு அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.கூட முடி நிரந்தரமாகக் குறையும் என்றுதான் சொல்ல விடுகிறது. அடியோடு ஒழியும் என்று சொல்ல விடுவதில்லை.

இதையெல்லாம் விட வயிற்றெரிச்சல் எது தெரியுமா? "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" என்று ஒருத்தர் கேட்கவில்லை. முகத்தில் தடித்த முடி வந்தால் பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். உள்ளே ஹார்மோன் தாறுமாறாக இருக்க, மேலே சுட்டு என்ன பயன்? மறுபடி முளைக்கும், மறுபடி பேக்கேஜ். கடைக்காரருக்கு யோகம்!

2022-லேயே கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். லேசர்தான் வேண்டுமென்றால் தோல் டாக்டர் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஓரமாக ஒரு சின்ன இடத்தில் டெஸ்ட் செய்த பிறகு பணம் கட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று: அடுத்த வீட்டுப் பொண்ணு முகத்தில் முடி எண்ணுகிற வேலையை விடுங்கள். புண்ணியமாகப் போகும்.